எங்கள் பட்ட மரமும் பக்கத்து வீட்டுப் பெண்ணும்

மூன்று வருடங்களுக்கு முன், ஐப்பசி அடைமழையில் ஒரு நாள் நடந்தது இது. எங்கள் வீடு கோவில்பட்டிக்குக் கிழக்கே, தெருக்கள் முடிந்து கரிசல் காடு தொடங்கும் இடத்தில் இருக்கிறது. எனக்கு ரயில்வேயில் வேலை. மணியாச்சிப் பக்கம் தண்டவாளத்தை ஒட்டித் தினமும் நடந்து, எங்காவது கிளிப் கழன்றிருக்கிறதா, விரிசல் விட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அப்படிப்பட்ட நான், என் வீட்டுப் புறவாசலில் நின்ற ஆபத்தை இரண்டு வருடம் கண்டுகொள்ளாமல் இருந்தேன். இதைச் சொல்ல இன்னும் கூச்சமாகத்தான் இருக்கிறது.

வேலியோரம், எங்கள் மனைக்குள், ஒரு பெரிய வேப்பமரம். வேலிக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுப் பெண்ணின் ஆட்டுக் கொட்டில். அவருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். கணவர் திருப்பூரில் வேலை பார்க்கிறார். இங்கே அவருக்குப் பிழைப்பு அந்தப் பத்துப் பன்னிரண்டு ஆடுகள்தான்.

ஒரு வருடம் எங்கள் வட்டாரத்து வேம்புகள் எல்லாமே நுனியிலிருந்து கருகின. மழை பெய்ததும் பெரும்பாலான மரங்கள் துளிர்த்துவிட்டன. எங்கள் மரம் துளிர்க்கவில்லை. அடுத்த கோடையில் பட்டை உரிந்து விழுந்தது. அடித்தூரைச் சுற்றிக் கரையான் புற்று ஏறியது. மரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டில் பக்கம் சாய்வதை அந்தப் பெண் கவனித்திருக்கிறார்.

ஒரு நாள் வேலியருகே வந்து சொன்னார். "அண்ணாச்சி, மரம் பட்டுப் போச்சு. கொப்பெல்லாம் கொட்டிலுக்கு மேலயே நிக்கி. காத்து மழைக்கு முன்னாடி வெட்டிப் போட்ருங்களேன்."

"மழை பெஞ்சா துளுத்துரும்மா, பாப்போம்" என்றேன்.

பிறகும் இரண்டு மூன்று முறை கேட்டார். ஒவ்வொரு முறையும் என்னிடம் ஒரு சாக்கு இருந்தது. என் மனைவி செவ்வாய், வெள்ளிகளில் விளக்கு வைக்கும் மரம் என்றேன். ஆடி மாதம் போகட்டும் என்றேன். மரம் வெட்டுபவர் வந்து பார்த்துவிட்டு, ஆள் ஏறிக் கயிறு கட்டித்தான் இறக்க வேண்டும், மழைக்கு முன் முடித்துவிடலாம் என்றார். அவரைத் திரும்பக் கூப்பிட எனக்குத் தோன்றவே இல்லை. கடைசி முறை அந்தப் பெண் கேட்டபோது இரவு வேலை முடித்துத் தூங்காமல் வந்திருந்தேன். எரிச்சலில், "பயமா இருந்தா கொட்டில அங்கிட்டுத் தள்ளிப் போட வேண்டியதுதானம்மா" என்று சொல்லிவிட்டேன்.

அவர் ஆடுகளைப் பார்க்கப் போய்விட்டார். அதற்குப் பிறகு மரத்தைப் பற்றிப் பேசவே இல்லை.

கரிசல் மண்ணைப் பழகியவர்களுக்குத் தெரியும். கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும். மழை விழுந்தால் களியாகக் குழைந்துவிடும். அந்த ஐப்பசியில் நான்கு நாள் விடாமல் பெய்தது. ஐந்தாம் நாள் எனக்கு விடுப்பு. மனைவி கடம்பூரில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தாள். காலை பத்து மணியிருக்கும். மரத்திலிருந்து ஒரு கொப்பு முறிந்து கொட்டிலின் தகரக் கூரை மேல் விழுந்தது. சத்தம் கேட்டு நான் எட்டிப் பார்த்தேன். அவர் மழையில் நனைந்துகொண்டே ஆடுகளை ஒவ்வொன்றாகக் கொட்டிலிலிருந்து தன் வீட்டுக்குள் ஓட்டிக்கொண்டிருந்தார். என்னைக் கூப்பிடவில்லை. எனக்குத்தான் மனசு கேட்கவில்லை, அங்கே போனேன்.

கொப்பின் ஒரு பாதி கூரையில் செருகி உள்ளே தொங்கியது. நான் கொட்டிலுக்குள் போய், மரத்துக்கு முதுகைக் காட்டி நின்று, அதைப் பிடித்து இழுத்தேன். கணுக்கால் வரை சேறு. அவர் கடைசி ஆட்டைக் கயிற்றில் பிடித்துக் கொட்டில் வாசலில் நின்றார். அது சினை ஆடு. மழைக்குள் வர மறுத்து முரண்டு பிடித்தது.

திடீரென்று அவர் குரல் கேட்டது. "அண்ணாச்சி, வெளிய வாங்க. தூர்ல மண்ணு பொளந்து மேல வருது."

நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பழைய புகாரைத்தான் மறுபடி ஆரம்பிக்கிறார் என்று நினைத்தேன். "இந்தக் கொப்ப மட்டும் எடுத்துப் போட்டுட்டு வாரேம்மா" என்றேன்.

அடுத்த நொடி என் இடது கையை யாரோ பிடித்து இழுத்தார்கள்; நான் கொப்பை விடவில்லை. உடனே இரண்டு கைகள் சேர்ந்து என்னை வெளியே இழுத்தன. தோள் கழன்றுவிட்டது போல் இருந்தது. நானும் அவரும் கொட்டிலுக்கு வெளியே சேற்றில் போய் விழுந்தோம். எனக்குக் கோபம் வந்து வாயைத் திறப்பதற்குள் மரம் சாய்ந்தது. தகரமும் கம்பும் நொறுங்கின. நிலம் அதிர்ந்ததை என் முதுகில் உணர்ந்தேன். என் செருப்பில் ஒன்று அடிமரத்துக்குக் கீழே போய்விட்டது. இரண்டு நாள் கழித்து மரத்தை அறுத்து எடுத்தபோதுதான் அது கிடைத்தது.

அவர் எழுந்து கொட்டிலைப் பார்த்தார். என்னை இழுக்கக் கயிற்றை விட்டிருக்கிறார். மழைக்குப் பயந்த ஆடு மறுபடி உள்ளே போய்விட்டது. அது செத்துக் கிடந்தது. அவர் அதன் பக்கத்தில் உட்கார்ந்து தலையைத் தடவிக்கொண்டே அழுதார். 

கொஞ்ச நேரத்தில் தெருவே கூடிவிட்டது. தெருமுக்குக் கடைக்காரர் என்னைப் பார்த்துக்கொண்டே அவரிடம் சொன்னார். "நீயும் எத்தன தடவ சொன்ன. இப்ப கேளு, நல்லா கேளு."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "கேக்க என்ன இருக்கு அண்ணாச்சி. நாலு நாள் மழையில மண்ணு எளகிட்டு, மரம் சாஞ்சிட்டு. அவிய கொப்ப எடுத்துத் தரத்தான வந்தாவ. ஆளு பொழச்சதே பெருசு."

அத்தனை பேர் முன்னால் அவர் என்னைத் திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். இதைக் கேட்டதும் கூட்டத்துக்கு நடுவே போய் நின்றேன். "அந்தப் பிள்ள ரெண்டு வருசமாச் சொல்லுச்சு. நான்தான் வெட்டல. தப்பு என் மேலதான்" என்று எல்லோரும் கேட்கச் சொன்னேன்.  அவரோ, "மொதல்ல வீட்டுக்குப் போயி கையப் பாருங்க, வீங்குது" என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை என்னோடு வேலை பார்க்கும் நான்கு பேர் வந்தார்கள். எல்லோருமாகச் சேர்ந்து கொட்டிலை முன்னைவிட உறுதியாகக் கட்டிக் கொடுத்தோம். புதூர்ப் பக்கம் போய் ஒரு சினை ஆடு பிடித்து வந்தேன். வேண்டாம் என்று சொல்லிவிடுவாரோ என்று பயமாக இருந்தது. ஆனால் அவர் பல்லைப் பார்த்தார், மடியைப் பார்த்தார், "நல்ல ஆடுதான்" என்று வாங்கிக் கட்டினார். என் மனம் கொஞ்சம் லேசானது அப்போதுதான்.

ரொம்ப நாள் கழித்து ஒரு முறை அவரிடம் கேட்டேன், உன் பிழைப்பே அந்த ஆடுகள்தானே, அன்றைக்குக் கயிற்றை ஏன் விட்டாய் என்று.

"அந்நேரம் யோசிக்கவா முடியும் அண்ணாச்சி" என்று சிரித்தார். "ஒத்தக் கையால இழுத்துப் பாத்தேன், நீங்க நகரல. ரெண்டு கையும் வேண்டியிருந்துச்சு."

என் மேல் கோபப்பட எல்லா நியாயமும் இருந்த ஒருவர், அந்த ஒரு நொடியில் கோபத்தை நினைக்கவே இல்லை. அதற்குப் பிறகு என் மகளின் கல்யாணத்தைப் பார்த்துவிட்டேன், பேரனையும் தூக்கிக் கொஞ்சிவிட்டேன். அந்தச் சந்தோஷங்கள் ஒவ்வொன்றிலும் இது அவர் கொடுத்தது என்று மனதுக்குள் ஒரு முறை சொல்லிக்கொள்ளாமல் என்னால் இருக்க முடிவதில்லை.