எலுமிச்சை வேரடி மண் தேடிக் கும்மிடிப்பூண்டிக்கு

காலை ஆறேகால் மணிக்குக் கடம்பத்தூரில் ரயில் ஏறினேன். கையில் இரண்டு காலிச் சாக்குகளும் ஒரு களைக்கொத்தும் இருந்தன. திருவள்ளூரில் இறங்கி, பெரியபாளையம் வழியாகப் போகும் பஸ்ஸைப் பிடித்தேன். கும்மிடிப்பூண்டிக்கு முப்பது மைலுக்குக் குறையாது. டிக்கெட் ஒன்றரை ரூபாய்.

போகும் காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் வேலை பார்க்கும் நாற்றுப்பண்ணையில் போன வருஷம் எலுமிச்சை நாற்றுகள் அழுகிப்போயின. இம்முறை நோய் வரக்கூடாதென்று மண்ணை இரும்புத் தகட்டில் கொட்டி, கடலை வறுப்பதுபோல் வறுத்துத் தொட்டிகளில் நிரப்பினேன். நாற்றுகள் அழுகவில்லை; வளரவும் இல்லை. ஒரு சாண் உயரத்தில் மஞ்சளாக நின்றுவிட்டன.

பார்க்க வந்த விவசாய அதிகாரி விளக்கினார். நல்ல மண்ணில் ஒரு பூஞ்சணம் உண்டாம். அது எலுமிச்சை வேரோடு ஒட்டி வாழ்ந்து, வேர் எட்டாத இடத்துச் சத்தையும் எடுத்துக் கொடுக்குமாம். நான் வறுத்ததில் அதுவும் செத்துவிட்டது. நோயில்லாத பழைய மரத்தின் வேரடி மண்ணைத் தொட்டிக்கு ஒரு பிடி கலந்தால் தேறும் என்றார்.

கடம்பத்தூரிலேயே அப்படி நாலு மரங்கள் இருக்கின்றன. நான் அவற்றைப் பற்றி வாய் திறக்கவில்லை. கும்மிடிப்பூண்டியில் மங்கம்மாவின் தோட்டத்து மண்தான் நல்லது என்றேன். மங்கம்மா கணவரை இழந்தவர்; மூன்று வருஷத்துக்கு முன் மல்லிகைப் பதியன் வாங்கப் பண்ணைக்கு வந்தார். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. நாற்பத்தாறு வயதில் ஒருவரிடம், என்னோடு வந்து இருக்கிறீர்களா என்று எப்படிக் கேட்பது? பஸ்ஸில் அதையே யோசித்துக்கொண்டு போனேன்.

பத்து மணிக்கு இறங்கினேன். சாலையின் இருபுறமும் புதுக் கம்பெனிகளின் சுவர்கள். ஒன்றரை மைல் நடந்தேன். தோட்டத்தில் மரங்கள் காய்த்து நின்றன. வரப்பில் வெள்ளையடித்த அளவுக்கல் ஒன்று புதிதாக முளைத்திருந்தது.

"இன்னாங்க, இவ்ளோ தூரம்?" என்றார் மங்கம்மா.

சொன்னேன், மண்ணைப் பற்றி மட்டும்.

"மண்ணையா வறுத்தீங்க?" குலுங்கிச் சிரித்தார். "உப்பு, காரம் போட்டீங்களா இல்லியா?"

கிளை நுனிகளுக்கு நேர் கீழே, நாலு விரல் ஆழத்தில், சன்ன வேர்களோடு மண்ணைக் கொத்தினேன். அவர் சாக்கின் வாயைப் பிடித்துக்கொண்டார்.

"எவ்ளோ செடிக்கு?"

"முந்நூறு."

"ஒரு சாக்கே தாராளம். ரெண்டு எதுக்கு எடுத்தாந்தீங்க?"

இரண்டாவது சாக்குக்கும் கொத்தினேன்.

"தோட்டம் கம்பெனிக்குப் போவுது," என்றார் அவரே. "அடுத்த மாசம் மரம் வெட்றாங்க. நான் சூலூர்பேட்டைக்கு, அண்ணன் ஊட்டோட போறேன்."

கேட்பதற்கு அதைவிட நல்ல நேரம் வராது. "மண்ணு நல்லா இருக்கு" என்றேன்.

அவர் சாக்கைக் கட்டிவிட்டு நிமிர்ந்தார். "பொழச்சா எனக்கு ஒரு செடி வேணும். யார் கைலயும் குட்த்தனுப்பாதீங்க. நீங்களே எடுத்துகினு வாங்க. அண்ணனாண்ட சொல்லி வெக்கிறேன்."

"இன்னான்னு?"

"செடி எடுத்தாருவாருன்னுதான். வேற இன்னா?" முந்தானையில் கையைத் துடைத்தபடி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

சாக்குகளை ஒரு மாட்டுவண்டியில் ஏற்றிச் சாலைக்கு வந்தேன்; பிற்பகல் இரண்டரைக்குப் பஸ். கண்டக்டர் சாக்குகளை உதைத்துப் பார்த்தார். "இன்னா நைனா இது?"

"மண்ணு."

"ஏன், உங்க ஊர்ல தீந்துபோச்சா?" பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன்.

பூஞ்சணம் வேரைப் பிடிக்க மாதக்கணக்கில் ஆகும் என்று அதிகாரி முன்பே எச்சரித்திருந்தார். தொட்டிகளில் மண்ணைக் கலந்து இன்றோடு ஐம்பத்திரண்டு நாள். விடிந்ததும், முகம் கழுவுமுன் தொட்டிகளிடம் போய்க் குனிகிறேன். மஞ்சள் கொஞ்சம் மங்கிப் பச்சை கண்டிருக்கிறது. துளிர் இன்னும் இல்லை. சென்ட்ரல் போய் வண்டி மாறினால் சூலூர்பேட்டைக்குப் பகலுக்குள் சேர்ந்துவிடலாமாம். ஸ்டேஷனில் கேட்டு வைத்திருக்கிறேன்.