அம்மாக்கண்ணு கட்டிய காப்பு

ரங்கசாமிக்கு உருப்படியாகத் தெரிந்த வேலை ஒன்றுகூட இல்லை என்பது அவன் மனைவி அம்மாக்கண்ணுவின் தீர்மானம். போகிக்கு வாசலில் செருகும் காப்பைக்கூட அவனுக்குக் கட்டத் தெரியாது. பூளைப்பூ, ஆவாரம்பூ, வேப்பிலை மூன்றையும் ஒரு பிடியாகச் சேர்த்து நாரால் இறுக்கிக் கூரை முகப்பில் செருக வேண்டும். அவ்வளவுதான் வேலை. அவன் கட்டினால் பொங்கல் பானை ஏறுவதற்குள் அவிழ்ந்து விழும், ஆடு தின்றுவிட்டுப் போகும். கேட்டால் காற்று ஜாஸ்தி என்பான். பக்கத்து வீட்டுக் காப்பெல்லாம் அசையாமல் இருக்கும். காற்றுக்கு இவன் வீடு மட்டும்தான் தெரியும்போல.

அப்படிப்பட்டவனுக்கும் ஒருத்தி கிடைத்தாள். மலையிலிருந்து இறங்கிப் போளூர் புளி மண்டிக்கு மூட்டை தூக்கப் போனவன், கன்னியம்மாள் என்பவளோடு அங்கேயே தங்கிவிட்டான். அம்மாக்கண்ணு அழுது புரளவில்லை. அந்தக் கன்னியம்மாளுக்குக் கண் அவிந்தா போயிற்று என்று மட்டும் கேட்டாள். பிறகு அவன் பங்குக்கு வந்த கொல்லை நிலத்தைத் தானே ஏர் ஓட்டிச் சாமை விதைத்தாள். காப்பையும் தானே கட்டினாள். அவள் கட்டியது அடுத்த போகிவரை அப்படியே நின்றது.

எமர்ஜென்சி முடிந்த பிறகு வந்த முதல் போகி. அம்மாக்கண்ணு வாசலில் உட்கார்ந்து கற்றாழை நாரைக் கிழித்துக்கொண்டிருந்தாள். கொழுந்தன் அருணகிரி வந்து எதிரே நின்றான்.

"அண்ணி, காப்பு கட்டாதீங்க. அண்ணன் தவறிட்டாரு."

அவள் கை நின்றது. "எப்போ?"

"முந்தாநேத்து. நேத்து நாங்கல்லாம் போய் அடக்கம் பண்ணிட்டு வந்தோம்."

நேற்று ஊர் ஆண்கள் பொங்கல் சாமான் வாங்கப் போவதாகச் சொல்லித்தான் மலை இறங்கினார்கள். ஒருவன் கையிலும் ஒரு துண்டு கரும்பு இல்லாமல் திரும்பியதை அவள் பார்த்திருந்தாள்.

"என்கிட்ட சொல்ல ஒருத்தனுக்கும் வாய் வரலையா?"

"அங்க அந்தப் பொம்பள இருந்துச்சு. வம்பு இன்னாத்துக்குன்னு..."

"ஓகோ. பொணத்துகிட்ட அழறதுக்கு அவ பொண்டாட்டி. மூலையில குந்தறதுக்கு மட்டும் நான் பொண்டாட்டியா?"

அந்தச் சிற்றூரில் இருந்ததெல்லாம் பங்காளி வீடுகள்தான். சாவு விழுந்த வருஷம் அவர்களுக்குப் பொங்கல் கிடையாது, எந்த வாசலிலும் காப்பு ஏறாது. அருணகிரி அதை எடுத்துச் சொன்னான். இத்தனை வருஷம் அவள் சாப்பிட்டாளா என்று கேட்காத வாய், முறையைப் பற்றி மட்டும் நிறுத்தாமல் பேசியது.

"துக்கம் காத்தீங்கன்னா கொல்லை உங்களுது. இல்லன்னா நீங்க யாரோ, நாங்க யாரோ. வம்சத்துக் கொல்லைய நாங்க பாத்துக்கறோம்" என்று முடித்தான்.

அம்மாக்கண்ணு ஒரு கணம் பயந்துதான் போனாள். அந்தக் கொல்லை போனால் கூழுக்கு இவன் களத்தில் வந்து கூலிக்கு நிற்க வேண்டும். ஆனால் அவன் முகத்தை நிமிர்ந்து பார்த்ததும் பயம் போய்விட்டது. மூக்குகூட ரங்கசாமியின் மூக்குதான். இந்த மூக்குக்கா பயப்படுவது?

பூவையும் வேப்பிலையையும் பிடியாகச் சேர்த்து நாரால் இறுக்கி முடிந்தாள். எழுந்து, அவன் தலைக்கு மேலே கையை நீட்டி, முகப்பில் செருகினாள்.

"கொல்லை மூலையிலயும் காலையிலயே கட்டிட்டு வந்துட்டேன். நீ ஆம்பளையா இருந்தா போய் அவுரு, பாக்கலாம்."

ஏறிய காப்பில் ஒருவரும் கை வைப்பதில்லை. அது காய்ந்து தானாக உதிர வேண்டும். அவிழ்த்தவன் குடும்பம் விளங்காது என்பது அங்கே பிறந்த குழந்தைக்கும் தெரியும். கொல்லையில் யார் காப்பு நிற்கிறதோ, அடுத்த போகிவரை ஏர் பூட்டுவதும் அவர்தான். அருணகிரி கையைத் தூக்கினான். தூக்கிய கையால் தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டான். அண்ணனுக்குக் கட்டத் தெரியவில்லை, தம்பிக்கு அவிழ்க்கத் துணிச்சல் இல்லை.

மறுநாள் காலை ஊரே வாயடைத்துக் கிடந்தது. ஒரு வாசலிலும் கோலம் இல்லை. அம்மாக்கண்ணு தனியாக அடுப்பு மூட்டிப் பானையை ஏற்றினாள். செத்தவனுக்காக இரண்டு சொட்டுக் கண்ணீர் வந்தது. வாய் ஓயாமல் திட்டுவதற்கு இனி ஆள் இல்லை என்பதில் அவளுக்கு நிஜமாகவே வருத்தம்தான். சாவதற்கும் பார்த்துப் பார்த்துப் பொங்கலைத்தான் பிடித்திருக்கிறான், கேடுகெட்டவன்.

பால் நுரைத்து வழிந்தது. "பொங்கலோ பொங்கல்!" என்று அவள் ஒருத்தியாகக் கத்தினாள்.

எதிர் வீட்டில் குனிந்து சாணி அள்ளிக்கொண்டிருந்த அருணகிரியின் மனைவி செந்தாமரை, பழக்க தோஷத்தில் நிமிர்ந்து, "பொங்கலோ பொங்..." என்று குரல் கொடுத்துவிட்டுச் சட்டென்று புறங்கையால் வாயை மூடிக்கொண்டாள்.

"இன்னாடி பாதியில முழுங்கற?" என்றாள் அம்மாக்கண்ணு. "மிச்சத்தையும் கத்து."