இரண்டு பத்தியம்

என் கணவரின் வலது பாதத்தில், கட்டை விரலுக்குக் கீழே இருந்த புண்ணை இரண்டு வருஷம் நாள் தவறாமல் பார்த்தவள் நான். கண்ணாடியில் என் மூஞ்சியைக்கூட அவ்வளவு உற்றுப் பார்த்திருக்க மாட்டேன். இன்றைக்கு எத்தனை அகலம், ஓரம் வெளுத்திருக்கிறதா சிவந்திருக்கிறதா, நாற்றம் நேற்றைவிட ஜாஸ்தியா கம்மியா என்பதுதான் எழுந்ததும் எனக்கு முதல் வேலை. அந்தப் பாதத்தைக் காப்பாற்றிவிட வேண்டும் என்பதைத் தவிர வேறு நினைப்பே கிடையாது.

தொண்ணூறுகளின் நடுவில் அது ஆரம்பித்தது. அவர் திருவண்ணாமலைக்கும் கீழ்பென்னாத்தூருக்கும் ஓடும் தனியார் பஸ்ஸில் கண்டக்டர். சர்க்கரை வந்து ஏழெட்டு வருஷம் ஆகியிருந்தது. பாதம் மரத்துப்போயிருந்ததை அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஒரு சாயங்காலம் டூட்டி முடிந்து வந்தவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நடந்தார். நடந்த இடமெல்லாம் சிவப்புத் தடம். யாரோ துப்பிய வெற்றிலை எச்சிலை மிதித்துவிட்டு, கால் கழுவாமல் வந்துவிட்டார் என்று நான் கத்தினேன். "இன்னாடி கத்தற, இரு கழுவறேன்" என்றார். கழுவக் கழுவச் சிவப்பு நிற்கவில்லை. செருப்பைத் திருப்பிப் பார்த்தால் அடியிலிருந்து ஓர் ஆணி மேலே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. நாள் முழுக்க அதன் மேல் நின்று டிக்கெட் கிழித்திருக்கிறார். துளி வலி தெரியவில்லை.

முதலில் பெரியாஸ்பத்திரி. சீட்டு வாங்கி, வரிசையில் நின்று, கட்டுப் போடும் அறைக்குள் போவதற்கே பாதி நாள் ஓடிவிடும். மூன்று மாசத்தில் எட்டணா அளவு இருந்தது ஒரு ரூபாய் அளவானது. பிறகு ஒரு தனியார் கிளினிக்குக்கு மாறினோம். திங்கள், வியாழன். டாக்டர் ஒரு கம்பியைப் புண்ணுக்குள் விட்டு ஆழம் பார்ப்பார். இவர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு, "இந்த ஃபேன் ஏன் இவ்ளோ மெதுவா சுத்துது?" என்று கேட்பார். அவருக்கு வலித்துக் கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

அங்கே கட்டுப் போட்ட நர்ஸம்மாவுக்கு ஐம்பது வயசிருக்கும். வாய் கொஞ்சம் துடுக்கு, கை மட்டும் பூப்போல. பௌர்ணமி வந்தால் கிரிவலக் கூட்டத்தில் பஸ்ஸும் ஆட்டோவும் ஊருக்குள் நகராது, நாங்கள் குடியிருந்த வேங்கிக்காலிலிருந்து கிளினிக்குக்கு வந்து சேரவே முடியாது. இரண்டு பௌர்ணமி கட்டு மாற்றாமல் போய், அதற்குள் சீழ் கட்டிவிட்டது. "இப்படி வுட்டா வேலைக்காவாது. நீயே கத்துக்கம்மா" என்று அந்தம்மா எனக்குச் சொல்லிக்கொடுத்தார். பழைய வெள்ளை வேட்டியைச் சதுரம் சதுரமாகக் கிழித்து, இட்லிப் பானையில் ஆவி வைத்து எடுப்பேன். கையை முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவுவேன். ஆஸ்பத்திரி உப்புத் தண்ணீரை ஊற்றிப் புண்ணைக் கழுவி, செத்த தோலை இடுக்கியால் நீக்கி, மருந்துத் துணியை உள்ளே நிறைத்துக் கட்டுவேன். "எங்க சிஸ்டரைவிட நல்லா கட்றீங்களே" என்று டாக்டர் ஒரு தடவை சொன்னார். எனக்குத் தலைகால் புரியவில்லை. எஸ்.எஸ்.எல்.சி.யில்கூட யாரும் என்னைப் பாராட்டியதில்லை.

கட்டு சரியாக இருந்தது. சாப்பாட்டில்தான் கோட்டை விட்டேன்.

டாக்டர் சர்க்கரைக்காக ஒரு தாள் எழுதிக் கொடுத்திருந்தார். அரிசி குறைக்கணும், இனிப்பு, கிழங்கு, வாழைப்பழம் கூடாது. அது ஒரு பத்தியம். கீழ்பென்னாத்தூரிலிருந்து வந்த என் நாத்தனார், புண்ணைப் பார்த்துவிட்டு இன்னொன்று சொன்னார். முட்டை, மீன், கறி தொடக்கூடாது, சீழ் வைக்கும். பருப்பு கூடாது, புண்ணில் நீர் கோக்கும். கத்திரிக்காய் அரிக்கும். தயிர், மோர் குளிர்ச்சி. மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, கண்ணில் காட்டவே கூடாது. எங்கள் பக்கத்தில் குழந்தைக்கு முழங்கால் சிராய்த்தாலே இதெல்லாம் நிறுத்திவிடுவார்கள். நாத்தனார் புதிதாக ஒன்றும் சொல்லிவிடவில்லை. எங்கம்மா இருந்திருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பார்.

நான் இரண்டையும் பிடித்துக்கொண்டேன். எதையும் அரைகுறையாகச் செய்வது என் சுபாவத்திலேயே கிடையாது. இரண்டு பத்தியத்துக்கும் தப்பி மிச்சம் நின்றது கோதுமை ரவைக் கஞ்சி, ரசம், புடலங்காய், பீர்க்கங்காய். அதையே இரண்டு வருஷம் திருப்பித் திருப்பிப் போட்டேன். சாம்பார் வைத்தால் அவர் மூக்குக்குப் போகுமே என்று வீட்டில் பருப்பே வேகவைக்கவில்லை. நானும் அதையேதான் சாப்பிட்டேன். அதில் எனக்கு உள்ளுக்குள் ஒரு கர்வம் வேறு.

அறுவடை நேரத்தில் நாத்தனார் வீட்டிலிருந்து ஒரு மூட்டை மல்லாட்டை வந்தது. பக்கத்து வீடுகளுக்குக் கொடுக்கலாம் என்று கொஞ்சம் அவித்து முறத்தில் கொட்டி வைத்திருந்தேன். கொல்லையிலிருந்து வந்தால் இவர் முறத்தருகே உட்கார்ந்திருக்கிறார். கை மூடியிருக்கிறது, வாய் அசையவில்லை. நான் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தேன். "ஒரு கை தான்டி. பசிக்குதுடி" என்றார். "கால் வேணுமா, மல்லாட்டை வேணுமா?" என்று கேட்டேன். அவர் கையைத் திறந்து முறத்திலேயே போட்டுவிட்டார். வாய்க்குள் அடக்கி வைத்திருந்த இரண்டையும் துப்பச் சொன்னேன். துப்பினார்.

இதை எழுதும்போது என் கையை நானே வெட்டிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

ஆள் இளைத்துக்கொண்டே போனார். காக்கிச் சட்டை தொளதொளத்தது. பெல்ட்டில் நானே கத்தரிக்கோல் முனையால் மூன்று ஓட்டை போட்டேன். சர்க்கரை ஆளை உருக்கும் என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் நம்பினேன். புண் மட்டும் அப்படியே இருந்தது. ஒரு வாரம் ஓரத்தில் சிவப்பு எட்டிப் பார்க்கும். கோயிலுக்கு ஓடி நெய்விளக்கு ஏற்றுவேன். மறுவாரம் பழையபடி வெளுத்துக் கிடக்கும். நான் செய்யாதது என்ன இருக்கிறது, இன்னும் என்னதான் வேண்டும் உனக்கு என்று மலையைப் பார்த்துச் சண்டை பிடித்திருக்கிறேன். டாக்டர் வாரா வாரம், "சாப்பாட்டுல கட்டுப்பாடா இருக்காரா?" என்று கேட்பார். "கொஞ்சம்கூடத் தப்பலீங்க டாக்டர்" என்பேன். சர்க்கரை அளவும் கட்டுக்குள்தான் இருந்தது. அவர் திருப்தியாகத் தலையாட்டுவார். தட்டில் என்ன விழுகிறது என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

இரண்டாம் வருஷக் கடைசியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்புவரை சீழ் போய்விட்டது, முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியிருக்கும் என்றார் டாக்டர். நான் மேஜையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். ஒரு மாசம் டயம் கொடுங்கள் என்று கெஞ்சினேன். ஊசி போட்டுப் பார்ப்போம், ஒரு மாசம்தான் என்றார்.

அன்றைக்கு இவர் வெளியே பெஞ்சில் படுத்திருந்தார். கட்டுத் துணி வாங்கப் போன என்னிடம் நர்ஸம்மா சாதாரணமாகத்தான் கேட்டார். "காலைல இன்னாம்மா குடுத்த அவருக்கு?"

"ரவைக் கஞ்சி சிஸ்டர்."

"மத்தியானத்துக்கு?"

சொன்னேன். ராத்திரிக்கும் சொன்னேன். முட்டையா, அதெல்லாம் கண்ணில்கூடக் காட்டுவதில்லை என்று பெருமையாக வேறு சொன்னேன். அந்தம்மா கையிலிருந்த பஞ்சைக் கீழே வைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"ரெண்டு வருஷமாவா?"

"ஒரு நாள்கூடத் தப்பல சிஸ்டர்."

"அடிப்பாவி. புண்ணு ஆறணும்னா புதுசா சதை வளரணும்மா. கஞ்சித் தண்ணில எங்கேர்ந்து வளரும்? முட்டையும் மீனும் பருப்பும் தாம்மா அதுக்கு மருந்து. சக்கரைக்காரங்களும் அதைத் துன்னலாம்மா."

அந்தம்மா அதற்கப்புறம் சமாதானமாக நிறையச் சொன்னார். சர்க்கரையும் காரணம், ரத்த ஓட்டம் சரியில்லாததும் காரணம், எல்லாம் உன்னால்தான் என்று நினைக்காதே என்றார். எதுவும் உள்ளே போகவில்லை.

வீட்டுக்கு வந்ததும் நாலு முட்டை வாங்கி அவித்தேன். தட்டைப் பார்த்து அவர் மிரண்டுபோனார். "டாக்டர் மாத்திட்டார். புண்ணு இப்ப வேற நிலைமைக்கு வந்துடுச்சாம், இனிமே இதெல்லாம் சாப்பிடலாமாம்" என்றேன். மனதறிந்து நான் அவரிடம் சொன்ன முதல் பொய் அதுதான். அவர் மஞ்சள்கருவைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, மெதுவாகத் தின்றார். நான் அடுப்பங்கரைக்குப் போய் வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டேன்.

ஒரு மாசம் முட்டையும் மீனும் பருப்பும் திணித்தேன். ஓரத்தில் சிவப்பு வந்தது. ஒரு நூல் அளவு உள்ளே நகரவும் செய்தது, சத்தியமாக நகர்ந்தது. ஆனால் எலும்பு காத்திருக்கவில்லை. குளிர் ஜுரம் தூக்கிப்போட்டது, கால் கெண்டைவரை கறுத்தது. வெளியூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். எடுத்துவிட்டார்கள்.

எடுத்த இடத்துத் தையல் ஒரு மாசத்துக்குள் சுத்தமாக ஆறிவிட்டது. சீழ் இல்லை, நாற்றம் இல்லை. "சக்கரை இருந்தும் இவ்ளோ சீக்கிரம் ஆறியிருக்கு. நல்லா சாப்பாடு குடுத்திருக்கீங்கம்மா" என்று அங்கிருந்த டாக்டர் என்னைப் பாராட்டினார். முதல் டாக்டர் பாராட்டியபோது பூரித்துப்போனவள், இவர் பாராட்டியதும் வராந்தாவுக்கு ஓடிப்போய் வாந்தி எடுத்தேன்.

அதற்கப்புறம் நாலைந்து வருஷம். பஸ் போயிற்று, கட்டைக் கால் வந்தது. வந்தவர்கள் போனவர்களிடமெல்லாம் இவர் என் புராணம்தான் பாடுவார். "இவ பத்தியம் மட்டும் இல்லன்னா காலோட போயிருக்காது, உசுரே போயிருக்கும்" என்பார். நான் டீ போடப் போய்விடுவேன். நாளைக்குச் சொல்லிவிடலாம், நாளைக்குச் சொல்லிவிடலாம் என்றே நாள் போனது. சொன்னால் என்னைப் பார்க்கும் அந்தப் பார்வை போய்விடும் என்று பயம், வேறொன்றுமில்லை.

ஒரு நாள் பின் தெருவிலிருந்து ஒரு சின்னப் பெண் வந்தாள். அவள் புருஷனுக்குச் சர்க்கரை, குதிகாலில் புண், இரண்டு மாசமாக ஆறவில்லை. கையில் ஒரு நோட்டு. "பத்தியம் கேட்டுக்கலாம்னு வந்தேன் அக்கா. உங்களைத்தான் எல்லாரும் சொன்னாங்க" என்றாள். அவளை அடுப்பங்கரைக்குள் கூட்டிப்போய்க் காதோடு சொல்லி அனுப்பிவிடலாம் என்றுதான் நான் நினைத்தேன். அதற்குள் கட்டிலில் இருந்தவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

"நான் சொல்றேன், எழுதிக்கம்மா. எனக்கு அத்துப்படி. முட்டை கூடாது. மீனு, கறி கூடாது. பருப்பு கூடவே கூடாது..."

அவள் எழுதத் தொடங்கினாள். ஒவ்வொன்றாக, வரி வரியாக.

"எழுதாத" என்றேன். "அடிச்சிடும்மா அதையெல்லாம். முட்டை குடு, பருப்பு குடு, மீன் குடு. தினமும் குடு. அது இல்லாட்டி புண்ணு ஆறாது."

அந்தப் பெண் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவர் சிரித்தார், நான் ஏதோ உளறுகிறேன் என்பதுபோல.

"இன்னாடி சொல்ற? ரெண்டு வருஷம் எனக்கு நீ குடுக்கவே இல்லியே."

"தெரியாம செஞ்சிட்டேங்க."

சிரிப்பு நின்றது. "எப்ப தெரிஞ்சுது?"

"காலை எடுக்கறதுக்கு ஒரு மாசம் முன்னாடி."

அவர் அந்தப் பெண்ணிடம், "ஒரு நாளைக்கு எத்தினி முட்டைன்னு அவகிட்ட கேட்டு எழுதிக்கம்மா" என்றார். நான் சொன்னேன், அவள் எழுதிக்கொண்டாள். அவர் மடித்திருந்த வேட்டியை இழுத்து அரைக்காலை மூடிக்கொண்டு, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார்.