வாடை வந்தால்தான் கழுவின மாதிரி

பள்ளிக்கூடத்துக் கக்கூஸைக் கழுவ வாளியும் துடைப்பமும் இருந்தால் போதும் என்றுதான் நாங்கள் நம்பியிருந்தோம். பயிற்சி இல்லாமல்தான் இவ்வளவு நாளும் நாசமாய்ப் போயிருந்தோம் என்பது பிற்பாடுதான் தெரிந்தது.

திருமங்கலத்துக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் தூய்மைப் பணியாளர். பேர் சாந்தி. பிளஸ் டூ வரைக்கும் படித்தவள் என்பதால் எந்தப் பயிற்சிக்குப் போனாலும் முதலில் என்னைத்தான் எழுப்பி வாசிக்கச் சொல்வார்கள். என்னோடு வேலை பார்த்தவர் முத்துலட்சுமி அக்கா. நான் சேருவதற்கு முன்பிருந்தே அங்கே இருந்தவர். இரண்டு பேருமே தினக்கூலிதான். நாளையிலிருந்து வரவேண்டாம் என்று ஹெச்.எம். ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. பயிற்சிக்குப் போகிறவர்களை நிரந்தரம் ஆக்கப்போகிறார்கள் என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். நான் நம்பவில்லை. அக்கா நம்பினார். நிரந்தரமானால் காய்ச்சல் வந்த அன்றைக்கு வீட்டில் படுத்திருக்கலாம், அவ்வளவுதான் அவருடைய கனவு.

நீங்கள் துடைப்பம் பிடிக்காதவராக இருக்கலாம். ஆனால் ஆபீசிலோ கடையிலோ ஆஸ்பத்திரியிலோ உங்களையும் யாராவது வரிசையாக உட்காரவைத்து, உங்கள் வேலையை உங்களுக்கே சொல்லிக் கொடுத்து, கடைசியில் கைதட்டச் சொல்லியிருப்பார்கள். அப்படியென்றால் நீங்களும் நம்ம ஆள்தான். பக்கத்து நாற்காலியில் வந்து உட்காருங்கள்.

மஞ்சள் கையுறை

முதல் பயிற்சி மதுரையில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. முந்தின நாள் கல்யாணத்துக்குக் கட்டின வாழைமரத்தை வாசலில் இன்னும் அவிழ்க்கவில்லை. அக்கா பட்டுச்சேலை கட்டிக்கொண்டு வந்திருந்தார். பஸ்ஸில் நான் சிரித்ததற்கு, "நிரந்தரம்னு சொல்லையில ஆளு பாக்க நல்லா இருக்க வேணாமா" என்று என் தொடையில் ஒரு இடி இடித்தார்.

போனதும் ஆளுக்கொரு மாஸ்க், ஒரு தொப்பி, ஒரு ஜோடி மஞ்சள் கையுறை கொடுத்தார்கள். கையுறை முழங்கை வரைக்கும் வந்தது. அக்கா அதை மாட்டிக்கொண்டு கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நகக்கண்ணில் பிளீச்சிங் பவுடர் எரியாமல் சோறு பிசைந்து சாப்பிடலாமே என்று எனக்கும் ஆசை வந்துவிட்டது. எல்லோரையும் மேடையில் நிறுத்திப் போட்டோ எடுத்தார்கள். பட்டுச்சேலைக்காக அக்காவை நடுவில் நிற்க வைத்தார்கள். சிரிக்கச் சொன்னார்கள், சிரித்தோம், மாஸ்க் மறைத்துக்கொண்டது. போட்டோ முடிந்த கையோடு பயிற்சியாளர் ஒரு சாக்கை விரித்துக்கொண்டு வரிசையாக வந்தார். சின்ன வயசுத் தம்பி, தங்கமாகத்தான் பேசினார்.

"அக்கா, கிழியாம பதமா கழட்டிப் போடுங்க. நாளைக்கு மேலூர்ல போட்டோ இருக்கு."

திரையில் ஒரு கக்கூஸ்

அடுத்து விளக்கை அணைத்துவிட்டுத் திரையில் படம் போட்டார்கள். வெள்ளை வெளேர் என்று ஒரு கக்கூஸ். சுவர் முழுக்க டைல்ஸ், கதவில் தாழ்ப்பாள், குழாயைத் திறந்தால் தண்ணீர். தரைக்கு ஒரு நிறத் துணி, பீங்கானுக்கு ஒரு நிறத் துணி, கைப்பிடிக்கு இன்னொரு நிறத் துணி என்று தம்பி விளக்கினார். எங்கள் பள்ளியில் எல்லாவற்றுக்கும் சேர்த்து இருப்பது பழைய சத்துணவுச் சாக்கைக் கிழித்த துணி ஒன்று. பக்கத்தில் இருந்த ஒரு அம்மா, இந்த வீடு யாருடையது என்று என்னிடம் கேட்டார்.

நான் எழுந்து, எங்கள் பள்ளியில் முதல் மணி அடிக்கும்போதே தொட்டி காலியாகிவிடும், கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது, தண்ணீர் இல்லாமல் எந்த நிறத் துணியை வைத்து என்ன செய்வது என்று கேட்டேன். தம்பிக்கு என்மேல் கோபமே வரவில்லை. எல்லோரையும் எனக்காகக் கைதட்டச் சொன்னார்.

"அருமையான கேள்வி மேடம். ஆனா தண்ணி நம்ம சிலபஸ்ல வராது."

ஆழ்ந்து மூச்சு விடுங்கள்

சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு அம்மா மைக்கோடு வந்தார். இனிமேல் எங்களை யாரும் தூய்மைப் பணியாளர் என்று சொல்லக் கூடாதாம், நாங்கள் 'சுகாதாரத் தூதுவர்கள்'. பேர் வைக்கக் காசா பணமா, வைத்துவிட்டார். பிறகு நேர்மறை எண்ணம் என்று ஒரு வகுப்பு எடுத்தார். கண்ணை மூடிக்கொண்டு, தினமும் வேலை செய்கிற இடத்தை மனதில் கொண்டுவந்து, மூச்சை நன்றாக இழுத்து, புன்னகைக்க வேண்டும்.

மண்டபம் முழுக்கக் கண்ணை மூடியது. நான் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தேன். அக்கா மட்டும் மூக்கைச் சுளித்துக்கொண்டு தவித்துக்கொண்டிருந்தார். அந்த அம்மா பக்கத்தில் வந்து, ஏன் சிரிக்கவில்லை என்று அன்பாகக் கேட்டார். அக்கா கேலி பண்ணுகிற ஆள் இல்லை. உண்மையிலேயே முயற்சி செய்துவிட்டுத்தான் சொன்னார்.

"அந்த எடத்த நெனச்சா மூச்சே இழுக்க முடியல டீச்சர். இருங்க, மூச்ச அடக்கிக்கிட்டுச் சிரிக்கிறேன்."

ஹெச்.எம். மூக்கு

அன்றைக்கு உருப்படியாகச் சொன்னது ஒன்றே ஒன்றுதான். ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் எந்தக் காலத்திலும் கலக்கக் கூடாது, கலந்தால் கிளம்புகிற புகை நெஞ்சைப் பிடித்துவிடும். இது அக்காவுக்குப் புதுசு. எத்தனையோ வருஷமாகக் கலந்துகொண்டுதான் இருந்தார். திரும்பி வரும்போது பஸ்ஸில், "இம்புட்டு நாளு எப்பிடித்தேன் உசுரோட இருந்தேனோ" என்று நெஞ்சில் கைவைத்துக்கொண்டார். மறுநாளிலிருந்து கலப்பதை விட்டோம். சோப்பு எண்ணெய் போட்டு, இடுப்பு ஒடியத் தேய்த்துக் கழுவினோம். அதுவரைக்கும் என் சர்வீஸில் அந்தக் கக்கூஸ் அவ்வளவு சுத்தமாக இருந்ததே கிடையாது.

எங்கள் ஹெச்.எம். கக்கூஸுக்குள் கால் வைத்ததே கிடையாது. தினமும் காலையில் வேப்பமரத்தடி வரைக்கும் வருவார், நின்று மூக்கை இரண்டு தடவை இழுப்பார், போய்விடுவார். கண் எரிய வாடை வந்தால் கழுவியாயிற்று, வராவிட்டால் கழுவவில்லை. அந்த வாரம் முழுக்க இழுத்து இழுத்துப் பார்த்தார். வெள்ளிக்கிழமை எங்களைக் கூப்பிட்டு, ஏன் கழுவவில்லை என்று கேட்டார். கலக்கக் கூடாது என்று பயிற்சியில் சொன்னதைச் சொன்னேன். உள்ளே வந்து ஒரு தடவை பாருங்கள் சார் என்றும் கேட்டேன். அந்தக் கெட்ட வார்த்தையை நான் சொல்லியிருக்கக் கூடாது போலிருக்கிறது.

"நான் எதுக்கும்மா உள்ள வரணும்? கழுவிருந்தா இங்கயே வாடை வராதா?"

ஆய்வு நாள்

பொங்கல் லீவு முடிந்து பள்ளி திறக்கிற அன்றைக்கு அதிகாரி ஒருவர் வருகிறார் என்றார்கள். லீவில் யார் யாரோ சுவரேறிக் குதித்து வந்து போயிருந்தார்கள். கக்கூஸ் இருந்த இருப்பைச் சொல்லி உங்கள் சாப்பாட்டைக் கெடுக்க விரும்பவில்லை. மோட்டார் வேறு ஓடவில்லை. வாடை வராவிட்டால் இரண்டு பேரும் அப்படியே வீட்டுக்குப் போய்விடுங்கள் என்று ஹெச்.எம். காலையிலேயே சொல்லிவிட்டார். நான் மாடியில் வகுப்பறைகளைப் பெருக்கப் போனேன். அக்கா கீழே போனார். தண்ணீர் பாட்டிலில் வாங்கி வைத்திருந்த ஆசிட்டையும் பவுடரையும் எடுத்துக்கொண்டு, அதிகாரி வருவதற்குள் வாடை கலைந்துவிடக் கூடாது என்று வெளிக்கதவைச் சாத்தி, வாளியை முட்டுக்கொடுத்து வைத்துவிட்டு, இரண்டையும் கலந்து ஊற்றினார்.

நான் இறங்கி வந்தபோது கதவிடுக்கில் புகை வந்துகொண்டிருந்தது. நானும் பி.டி. சாரும் கதவைத் தள்ளி அவரை வெளியே இழுத்தோம். கண் செருகி, வாயில் நுரை தள்ளி, மூச்சுக்கு இழுத்துக்கொண்டு கிடந்தார். அவர் மகன் பாண்டி ஆட்டோ ஓட்டுகிறவன். அவனுக்குப் போன் போட்டு, பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போகச் சொன்னோம். ஆட்டோ கேட்டைத் தாண்டும்போது எதிரே அதிகாரியின் கார் வந்தது. அவரும் வேப்பமரத்தடியில்தான் நின்றார். கர்ச்சீப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஹெச்.எம்.மின் கையைக் குலுக்கினார்.

"வாடையிலயே தெரியுது சார். நல்லா மெயின்டெய்ன் பண்றீங்க."

சுவரில் மாட்டிய போட்டோ

அக்கா பிழைத்துக்கொண்டார். ஆனால் பழைய மூச்சு திரும்பவில்லை. நாலு எட்டு நடந்தால் எதையாவது பிடித்துக்கொண்டு நின்றுவிடுவார். ராத்திரி படுத்தால் இருமல். வைத்தியத்துக்குப் பள்ளியில் ஏதாவது செய்வார்களா, உடம்பு தேறியதும் மறுபடி சேர்த்துக்கொள்வார்களா என்று கேட்க நானும் பாண்டியும் ஹெச்.எம். அறைக்குப் போனோம். அவர் எழுந்து போய்ச் சுவரில் விரலை வைத்தார். கல்யாண மண்டபத்தில் எடுத்த போட்டோ, சட்டம் போட்டு மாட்டியிருந்தது. நடுவில் பட்டுச்சேலையில் அக்கா. மாஸ்க், தொப்பி, மஞ்சள் கையுறை, ஒன்றும் குறையில்லை.

"பயிற்சி குடுத்தாச்சு, பாதுகாப்புச் சாமானும் குடுத்தாச்சு. அதுக்கப்புறமும் இந்தம்மா இப்பிடிப் பண்ணிக்கிட்டா நான் என்ன செய்றது?" என்றார். போட்டோ எடுத்த கையோடு எல்லாவற்றையும் கழற்றி வாங்கிக்கொண்டார்கள் சார் என்று கத்தியே விட்டேன். ஹெச்.எம். என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை, இரக்கம் இருந்தது.

"படிச்ச புள்ள நீ. போட்டோல கண்ணுக்கு முன்னாடி இருக்கிறத இல்லைங்கிறியே சாந்தி."

முன்னேற்றம்

அக்கா இடத்துக்கு ஜோதி என்று ஒரு பெண்ணைப் போட்டார்கள். அவளிடம் முதல் நாளே சொல்லிவிட்டேன், கதவைத் திறந்து வை, எதையும் எதோடும் கலக்காதே. பிறகு ஹெச்.எம். மூக்குக்கு என்ன வழி என்று யோசித்தேன். இப்போது அவர் வருகிற நேரம் பார்த்து, வேப்பமரத்தடியிலேயே ஒரு மக் பினாயிலை ஊற்றிவிடுகிறேன். கக்கூஸை நாங்கள் சோப்புப் போட்டுத்தான் கழுவுகிறோம், ஆனால் அதற்கும் அவருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. மறுவாரமே என்னைக் கூப்பிட்டுப் பாராட்டினார்.

"பாத்தியா, பயிற்சிக்குப் போய்ட்டு வந்ததுல எம்புட்டு முன்னேற்றம்!"

அனுபவப் பகிர்வு

இந்த வருஷம் மறுபயிற்சி. அதே மண்டபம், அதே தம்பி, அதே சாக்கு. ஆனால் மேடையில் ஒரு நாற்காலி போட்டு முத்துலட்சுமி அக்காவை உட்கார வைத்திருந்தார்கள். தம்பியே வீட்டுக்குப் போய் வரச்சொன்னாராம், பாண்டி ஆட்டோவில் கொண்டுவந்து விட்டான். அக்கா அதே பட்டுச்சேலையில் இருந்தார். அது இப்போது அவர் உடம்பில் நிற்கவில்லை. என்னைப் பார்த்ததும் கையசைத்தார். கூப்பிட்டு அனுப்பியிருக்கிறார்கள் என்றால் வேலை விஷயமாகத்தான் இருக்கும் என்று வருகிற வழியெல்லாம் பாண்டியிடம் சொல்லிக்கொண்டு வந்திருக்கிறார்.

தம்பி மைக்கைப் பிடித்தார். "இந்தம்மா நம்ம பயிற்சிக்கு வந்தவங்கதான். கலக்காதீங்கன்னு சொல்லி அனுப்புனோம். ஆனாலும் கலந்தாங்க. எதனால? எல்லாரும் சத்தமாச் சொல்லுங்க, கவனக்குறைவு!" மண்டபம் சொன்னது. ஜோதியும் சொன்னாள். நான் வாயைத் திறக்கவில்லை. தம்பி மைக்கை அக்காவிடம் நீட்டினார். அக்கா பேசுவதற்கு முன்னால் அவருடைய மூச்சு கேட்டது. நாலு மூலையிலும் இருந்த ஸ்பீக்கரில் அந்த இழுப்பு கேட்டது.

"கவனமில்லாம கலக்கல தம்பி. தெரிஞ்சுதேன் கலந்தேன். வாடை வரலைன்னா வேலை போயிரும்னாக, கலந்தேன். வாடை வந்துச்சு, வேலையும் போயிருச்சு." இருமல் வந்து நிறுத்தினார். மறுபடி மைக்கை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுவந்தார். "நான் ரெண்டு பயிற்சிக்கும் வந்துட்டேன். நிரந்தரம் எப்பப் போடுவாக?"

அந்த மண்டபத்தில் அப்படி ஒரு கேள்வியை யாரும் சத்தமாகக் கேட்டதில்லை. நான் தம்பியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வினாடி அவரும் ஆடித்தான் போனார். பிறகு அக்காவின் தோளில் கைவைத்து, மைக்கைப் பதமாகத் திரும்ப வாங்கிக்கொண்டு கைதட்ட ஆரம்பித்தார். பழகிய கைகள், எல்லோரும் தட்டினார்கள். அக்கா பதிலுக்காக அவர் முகத்தையே அண்ணாந்து பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"அருமைம்மா! அந்த இருமலோட சொன்னீங்க பாருங்க, அப்பிடியே மனசுல எறங்கிருச்சு. அடுத்த வாரம் கொட்டாம்பட்டிக்கும் வந்து இதே மாதிரி சொல்லணும், என்ன?"

ஆக, நாங்கள் பயிற்சி பெற்றவர்கள் என்பதற்குச் சுவரில் போட்டோ இருக்கிறது. இனிமேல் எங்களில் யார் மூச்சுமுட்டி விழுந்தாலும் அது எங்கள் கவனக்குறைவுதான்.