மீனுக்குப் பசி

சித்தப்பாவுக்கும் மண்ணுக்கும் என்றைக்குமே ஆகாது. அவர் நட்ட கறிவேப்பிலை கருகிப் போனது. அக்கம்பக்கத்தில் கேட்பாரில்லாமல் படர்ந்து கிடக்கும் மணி பிளாண்ட்டைக் கிள்ளி வந்து வைத்தார், அதுவும் தலை தொங்கிவிட்டது. தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பழுதுபார்ப்பது அவர் வேலை. இரும்பு அவர் சொன்னதைக் கேட்கும், செடிதான் கேட்காது. அதனால் மண்ணே இல்லாமல் கீரை வளர்க்கலாம் என்று யாரோ ஒரு வெள்ளைக்காரர் யூடியூப்பில் சொன்னதும், ஆங்கிலம் பாதி புரிந்தும் பாதி புரியாமலும் மனிதர் அப்படியே மயங்கிவிட்டார்.

கிள்ளானில் வரிசையாக ஒட்டிக் கட்டிய தெரஸ் வீடுகளில் ஒன்றான எங்கள் வீட்டில் அப்போது இரண்டு குடும்பம். அப்பா, அம்மா, நான், எங்களோடு சித்தப்பாவும் சித்தியும். சமையலறைக்குப் பின்னால் துணி காயப்போடும் சிமெண்டுத் தரை ஒன்று இருந்தது. இப்போது அங்கே சித்தப்பா மகனின் சைக்கிள் நிற்கிறது. அந்த இடத்தைத்தான் சித்தப்பா கேட்டார். கீழே தொட்டியில் மீன், மேலே கூழாங்கல் நிரப்பிய தட்டில் கங்கோங் கீரை. மீன் அழுக்காக்கிய தண்ணீரை ஒரு பம்ப் மேலே ஏற்றும். அந்த அழுக்கு கீரைக்கு உரம், கீரை சுத்தப்படுத்திய தண்ணீர் மறுபடியும் மீனுக்கு.

"ஒன்ன ஒன்னு பாத்துக்கும் அண்ணி. நாம ஒன்னும் செய்ய வேணாம்" என்றார் அம்மாவிடம்.

"துணிய மட்டும் எங்க காயப்போடறதுன்னு சொல்லிருங்க" என்றார் அம்மா. ஆனாலும் தடுக்கவில்லை. சித்தப்பா எதையாவது கையில் எடுத்துச் செய்யட்டும் என்று வீட்டில் எல்லோரும் நினைத்த காலம் அது.

ஏனென்றால் சித்தி அப்போதுதான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருந்தார். பாப்பாவைக் கூட்டி வரத்தான் போகிறார் என்று என்னிடம் சொல்லியிருந்தார்கள். வெறும் கையோடு வந்தார். பாப்பா எங்கே என்று கேட்டதற்கு அம்மா, "இன்னும் வரல. அப்புறமா வரும்" என்று சொல்லி என்னைப் பாத்திரம் அடுக்க அனுப்பிவிட்டார். எனக்கு ஏழு வயது. தீபாவளிக்குக் கட்டாயம் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராமல் போன பினாங்கு அத்தையைப் போல, பாப்பாவும் தேதியை மாற்றிவிட்டது என்று நான் எடுத்துக்கொண்டேன்.

சித்தி அறையை விட்டு வெளியே வரவில்லை. உள்ளே போன சாப்பாட்டுத் தட்டு போனபடியே திரும்பி வந்தது. சித்தப்பா அந்தக் கதவுக்கு முன்னால் கொஞ்ச நேரம் நிற்பார், கையை உயர்த்துவார், தட்டாமலே பின்பக்கம் போய், தொட்டியாக்க வைத்திருந்த நீல டிரம்மில் ஓட்டை போடத் தொடங்கிவிடுவார்.

மீன் விடுவதற்கு முன்னால் தண்ணீரைச் சில வாரங்கள் ஓடவிட்டுப் பழக்க வேண்டும் என்று அந்த வெள்ளைக்காரர் சொன்னாராம். அந்தப் பகுதியைச் சித்தப்பா ஓட்டிவிட்டுப் பார்த்திருக்கிறார். கல் தட்டு தயாரான மறுநாளே ஒரு பிளாஸ்டிக் பை நிறையத் திலாப்பியாக் குஞ்சுகளை வாங்கி வந்து விட்டார். அதில் ஒன்றுக்கு வால் கிழிந்திருந்தது. அது என்னுடையது என்று நான் உடனே சொல்லி வைத்துவிட்டேன்.

கல் தட்டில் தண்ணீர் நிரம்பியதும் ஒரு குழாய் வழியாக ஒரே மூச்சில் கீழே இறங்கிவிடும். அசல் கழிவறையில் தண்ணீர் இழுத்துவிட்ட சத்தம். சில நாள் கழித்து ஒரு மாலை, வேலையிலிருந்து வந்து அவசரமாக நின்ற அப்பா காலியாக இருந்த கழிவறைக் கதவைத் தட்டி, "யாரு லா உள்ள? சீக்கிரம் வா!" என்று கத்திக்கொண்டிருந்தார். இப்போது பிரிக்பீல்ட்ஸில் நான் தங்கியிருக்கும் அடுக்குமாடியில் சுவருக்கு அந்தப் பக்கம் யாராவது தண்ணீர் இழுத்துவிட்டால் எனக்கு அந்த மாலைதான் நினைவுக்கு வருகிறது. ஏனென்றால் அந்தக் கூச்சலைக் கேட்டுத்தான் சித்தியின் அறைக்கதவு திறந்தது.

"என்ன சத்தம் அது?" என்றார் சித்தி. சுவரைப் பிடித்துக்கொண்டு பின்பக்கம் வந்து தொட்டிக்குள் எட்டிப் பார்த்தார். மீன்கள் எல்லாம் தண்ணீருக்கு மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன.

"வாயத் தொறக்குது பாருங்க. பசிக்குது" என்றார் சித்தி.

அம்மா சோற்றை எடுத்துக்கொண்டு ஓடிவந்தார். எங்கள் வீட்டில் திறந்த வாய்க்கு ஒரே அர்த்தம்தான். போன் எடுத்தாலும் முதலில் சாப்டாச்சா என்று கேட்கிற குடும்பம், மீனை மட்டும் விட்டுவைக்குமா?

அன்றிலிருந்து சித்தி நாளும் வெளியே வந்தார். தொட்டியின் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து ரொட்டியைப் பிய்த்துப் போடுவார், சோற்றை உருட்டிப் போடுவார், தீனியை அள்ளிப் போடுவார். நான் பக்கத்தில் நின்று வால் கிழிந்ததற்குக் கிடைத்ததா என்று மேற்பார்வை பார்ப்பேன். ஒரு நாள் மீனுக்கு ஒரு பருக்கை போட்டுவிட்டுத் தன்னை அறியாமல் தானும் ஒரு வாய் சாப்பிட்டார் சித்தி. அதை அடுப்படி சன்னலிலிருந்து பார்த்த அம்மா, மறுநாளிலிருந்து மீனுக்கான சோற்றுத் தட்டில் குழம்பும் ஊற்றி அனுப்பினார். மீனுக்கு எதற்குக் குழம்பு என்று நான் கேட்டேன். அம்மா இன்னொரு கரண்டி ஊற்றினார்.

போடப் போட மீன்கள் இன்னும் அதிகமாக வாயைத் திறந்தன. தண்ணீர் கலங்கிப் பால் போலாகி, ஒரு வாடையும் வந்தது. சித்தப்பாவும் பார்த்தார். ஆனால் தலைவாரிப் பூ வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருக்கும் சித்தியையும் பார்த்தார், தீனி டப்பாவை எடுத்து அவர் பக்கத்தில் வைத்தார்.

ஒரு சனிக்கிழமை காலை நான் பல் துலக்கிக்கொண்டே பின்பக்கம் போனேன். எல்லா மீனும் வயிற்றைக் காட்டி மிதந்துகொண்டிருந்தன. சித்தப்பா ஒரு வாளியில் அவற்றை அள்ளிக்கொண்டிருந்தார். அள்ளும்போது மீனைப் பார்க்கவில்லை, சித்தியின் கதவையே பார்த்தார். என்னைக் கண்டதும் பேசாதே என்று உதட்டின் மேல் விரலை வைத்துவிட்டு, வாயைக் கூடக் கொப்பளிக்கவிடாமல் மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு மீன் கடைக்குப் பறந்தார்.

கடைக்காரர் கதை முழுவதையும் கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "அண்ணே, அது பசிக்கு வாயத் தொறக்கல. தண்ணி கெட்டுப்போயி மூச்சு முட்டி மேல வந்திருக்கு. நீங்க மேல மேல தீனியப் போட்டு இன்னும் அழுக வச்சிட்டீங்க லா. வீட்டுல சொல்லிருங்க, கொஞ்சமா போடச் சொல்லி."

"அத மட்டும் என்னால சொல்ல முடியாது, பாஸ்" என்றார் சித்தப்பா.

இதில் சொல்ல முடியாமல் போக என்ன இருக்கிறது? "சித்திக்கிட்ட நான் சொல்றேன் சித்தப்பா, நீங்க போட்டுத்தான் செத்துப்போச்சுன்னு" என்றேன். அவர் என் தோளைப் பிடித்த பிடி வலித்தது. "வேணாம்மா. சித்திக்கிட்ட ஒரு வார்த்த பேசக்கூடாது." அவர் குரல் ஏன் அப்படி ஆனது என்று தெரியாமல் பயந்து போனேன்.

வீட்டுக்கு வந்ததும் சித்தப்பா, தண்ணீர் வெட்டுக்கு என்று அம்மா பிடித்து வைத்திருந்த தண்ணீரையெல்லாம் ஊற்றித் தொட்டித் தண்ணீரை மாற்றினார். கடையில் வாங்கிய புதுக் குஞ்சுகளை விட்டுவிட்டு ஒன்றும் நடக்காதது போல் பம்பைத் துடைத்துக்கொண்டிருந்தார். சித்தி தட்டோடு வந்தார்.

"வால் கிழிஞ்சது எங்க?"

"அது... வால் வளந்துருச்சு" என்றார் சித்தப்பா.

சித்தி தண்ணீரைப் பார்த்தார். சுவரோரம் கவிழ்த்து வைத்திருந்த வாளியைப் பார்த்தார். "ராத்திரி பூனை ஏதும் வந்துச்சாங்க?" என்று கேட்டார்.

"ஆமா, ஆமா. பூனைதான்."

எங்கள் பின்சந்தில் இருக்கும் நாய்களைத் தாண்டி எந்தப் பூனையும் வந்ததில்லை. அதைச் சொல்ல வாயைத் திறந்தேன், சித்தப்பா என் காலை மிதித்தார்.

"இனிமே காலையில மட்டும் போடுவோம். கொஞ்சமா" என்று சொல்லிவிட்டுச் சித்தி உள்ளே போனார். அறைக்கதவு சாத்தும் சத்தம் கேட்டது. சித்தப்பா முகம் செத்துப்போனது. மறுபடியும் அவ்வளவுதான் என்று நினைத்திருப்பார். வாசற்படியில் அம்மாவும் அசையாமல் நின்றார்.

கதவு திறந்தது. சித்தியின் கையில் இன்னும் பிரிக்காத ஒரு பிளாஸ்டிக் உறை. உள்ளே இருந்தது குழந்தையைப் படுக்கவைத்துக் குடை போல விரித்து மூடும் கொசுவலை, மஞ்சள் வாத்துப் படம் போட்டது. கிள்ளான் லிட்டில் இந்தியாவில் வாங்கியபோது வாத்து போட்டதுதான் வேண்டும் என்று அடம்பிடித்தவள் நான். சித்தி அதைப் பிரித்து விரித்துத் தொட்டியின் மேல் கவிழ்த்தார். ஓரங்களை மெதுவாக இழுத்துச் சரிசெய்தார்.

"இனிமே பூனை வராது" என்றார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "சித்தி, அது பாப்பாவோடதுல்ல? பாப்பா வந்தா அதுக்கு வேணாமா?"

அம்மா சட்டென்று அடுப்படிக்குள் போனார். அடுப்பில் ஒன்றும் இல்லை. நன்றாக ஓடிக்கொண்டிருந்த பம்பைச் சித்தப்பா குனிந்து பழுதுபார்க்கத் தொடங்கினார். சித்தி மட்டும் என்னைப் பார்த்தார், என் நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கிவிட்டார்.

"வர்றப்ப வேற ஒன்னு வாங்கிக்குவோம்மா" என்றார்.

சித்தப்பா பம்பைவிட்டு நிமிரவே இல்லை, தோள் மட்டும் குலுங்கியது. எனக்குக் கோபம் கோபமாக வந்தது. புதுக் குடை கேட்டால் பழசு இருக்கிறதே என்று சொல்கிற வீட்டில், வராத பூனைக்காக நான் தேர்ந்தெடுத்த வாத்து வலையை இப்படி வீணாக்குகிறார்களே என்று அன்றைக்கு முழுவதும் நான் யாரோடும் பேசவில்லை.