நிறுத்தி வைக்கப்பட்ட பதினொரு பின்னூட்டங்கள்

என் வலைப்பூவைப் பிரித்து வெறும் பக்கங்களாக மாற்ற முடிவெடுத்ததற்குப் பெரிய காரணம் இல்லை. தாம்பரம் சுற்றுவட்டாரச் செய்திகளுக்காகப் பல வருடம் முன்பு ஆரம்பித்தது. எந்தத் தெருவில் குழி, எந்த ஏரிக்கரையில் குப்பை கொட்டுகிறார்கள், இதுதான் சரக்கு. பின்னால் இருந்த மென்பொருளுக்கு வயதாகி, மாதம் ஒருமுறை படுத்துக்கொண்டது. கட்டுரைகள் மட்டும் போதும், பின்னூட்டப் பெட்டியே வேண்டாம் என்று தீர்மானித்தேன்.

ஒரு ஞாயிறு காலை, குரோம்பேட்டை வீட்டில் உட்கார்ந்து எல்லாவற்றையும் ஒரே கோப்பாக இறக்கினேன். நான் பார்த்தே இராத பின்னூட்டங்களும் சேர்ந்து வந்து விழுந்தன. எல்லாம் மனை விளம்பரம். இந்தத் தரகர்களின் தொல்லை தாங்காமல்தான், போன் நம்பர் உள்ள எந்தப் பின்னூட்டமும் வெளியே வரக்கூடாது என்று ஒரு விதி போட்டிருந்தேன். அப்படி நிறுத்தி வைத்தவற்றை ஒருநாளும் திறந்து பார்த்ததில்லை.

அந்தக் குப்பைக்கு நடுவில் பதினொன்று விளம்பரம் இல்லை.

சில வருடம் முன்பு, பெரிய வெள்ளம் வந்த அன்று ஒரு பதிவு போட்டிருந்தேன். உதவி வேண்டுகிறவர்கள் முகவரியும் போன் நம்பரும் கீழே எழுதுங்கள், படகு வைத்திருப்பவர்களிடம் சேர்க்கிறேன் என்று. கொஞ்ச நேரத்தில் எங்கள் பகுதியில் கரண்ட் போனது, டவரும் போனது. நான்கு நாள் கழித்துப் பார்த்தபோது பதிவின் கீழ் ஒன்றுமே இல்லை. யாருக்கும் தேவைப்படவில்லை என்று நினைத்து நிம்மதியாகத் தூங்கினேன். முட்டாள். நம்பர் கேட்டவனும் நான், நம்பர் இருந்தால் விழுங்கச் சொன்னவனும் நான்.

முதலாவது முடிச்சூரிலிருந்து ஒரு பெண் எழுதியது. கீழ் வீடு, இடுப்பு வரை தண்ணீர், அம்மாவால் நடக்க முடியாது, யாராவது வாங்க.

மனைவியிடம் காட்டி, அழித்துவிடவா என்று கேட்டேன். கோப்பு போனால் யாருக்கும் எதுவும் தெரியாது.

"அந்தம்மாவுக்கு என்ன ஆச்சுனு தெரியாமலே நீங்க சோறு தின்னுடுவீங்க. என்னால முடியாது. போன் பண்ணுங்க."

மூன்று நாள் தள்ளிப் போட்டேன். நம்பரைப் போடுவேன், மணி அடிப்பதற்குள் துண்டிப்பேன். நான்காம் நாள் துண்டிப்பதற்குள் அந்த முடிச்சூர்ப் பெண் எடுத்துவிட்டாள். நான் யார், என்ன நடந்தது என்று உளறிக்கொட்டினேன். அம்மாவைப் பற்றி மட்டும் கேட்கவில்லை.

"அம்மா உயிரோட கீதானு கேக்கத்தான போன் பண்ண? கீது சார். பீரோ மேல ஒக்கார வெச்சிகினு இருந்தோம். காலைல பக்கத்துத் தெரு அண்ணன் லாரி டியூப் எடுத்துகினு வந்தாரு."

அவள் நிறுத்தவில்லை.

"நீ கூப்புடுவேனு சார்ஜ மிச்சம் புடிச்சி வெச்சினு இருந்தேன். என் தம்பிக்குக்கூட போன் போடல. தெரியுமா உனக்கு?"

மன்னிப்புக் கேட்டேன். வைத்துவிட்டாள்.

மீதிப் பத்தையும் அடுத்தடுத்த நாட்களில் அழைத்தேன். ஏழு பேர் பேசினார்கள். திட்டினார்கள், ஒருவர் சிரித்தார். இரண்டு நம்பர் வேறு யாரிடமோ போய்விட்டது. அந்த வீடுகளுக்கு நேரிலேயே போனேன். இரண்டிலும் ஆட்கள் இருந்தார்கள், நன்றாகவே இருந்தார்கள்.

புதிய தளம் வெளியாகிவிட்டது. நொடியில் திறக்கிறது என்று பாராட்டுகிறார்கள்.

ஒரு நம்பர் உபயோகத்திலேயே இல்லை. கீழ்க்கட்டளை, ஏரிப் பக்கம், தரைத்தளம், வயதானவர், தனியாக இருக்கிறார். வீட்டு எண் வரை எழுதியிருக்கிறார். பைக்கில் கால் மணி நேரம்கூட ஆகாது. இரண்டு முறை அந்தத் தெருமுனை வரை போய், வண்டியை அணைக்காமலே திரும்பி வந்துவிட்டேன்.