தகவல்: மகன்

குரோருட்டில் உள்ள முதியோர் பராமரிப்பு இல்லத்தில் கிருஷ்ணகுமாரிக்குப் பத்தொன்பது வருட வேலை. ஒஸ்லோத் தமிழர் மத்தியிலோ அவள் மரண அறிவித்தல்காரி. மனைவி, மக்கள், மருமக்கள், சகலன், சம்பந்தி என்று ஒருவரையும் தவறவிடாமல் எழுதிக்கொடுப்பாள். மைத்துனர் ஒருவரின் பெயரை இரண்டாவதாகப் போட்டதற்கு, எல்லிங்ஸ்ருட்டில் ஒரு குடும்பம் பிணத்தை வைத்துக்கொண்டே ஆறு நாள் சண்டை பிடித்தது; ஏழாம் நாள் பிணமே எழுந்து சமாதானம் பேசியதாகக் கேள்வி.

இல்லத்தின் பன்னிரண்டாம் அறையில் இருந்தவள் எலியானா. ஓர் ஆபிரிக்க நாட்டின் முதல் ஜனாதிபதிக்கு இரண்டாவது மனைவி. மனிதருக்கு மனைவியர் நால்வர், பிள்ளைகள் இருபத்து மூன்று. ஆட்சி கவிழ்ந்தபோது தப்பி வந்து, ஒஸ்லோவில் பள்ளிக்கூடங்களைக் கூட்டித் துடைத்துத் தன் மூன்று பிள்ளைகளை ஆளாக்கினாள். இப்போது அந்த நாட்டில் ஜனாதிபதிக்கு நினைவு மண்டபம் எழும்புகிறது. அதன் சுவரில் ஒரே மனைவி, ஐந்தே பிள்ளைகள். எல்லாம் நாலாமவளின் குடும்பம்.

மற்றவர்களைத் துடைத்துவிடக் கையெழுத்து வாங்கும் வேலையாக, நாலாமவளின் மூத்த மகன் மார்ச் மாதத்துச் சேற்றுப் பனியோடு அறைக்குள் வந்தான். சப்பாத்தைக் கழற்றவில்லை. கட்டிலில் குந்தி, கிழவியின் திராட்சைப்பழத்தைத் தின்று, விதைகளை அவளுடைய மாத்திரைக் கிண்ணத்தில் துப்பினான். ஒஸ்லோவில் படித்தவன்; அவன் நீட்டிய தாளும் நோர்வேஜிய மொழியில்தான் இருந்தது: 'நான் ஜனாதிபதி வீட்டில் சமையற்காரியாக இருந்தேன்.'

"கையெழுத்து வைச்சா உங்கடை உடலை நாட்டுக்குக் கொண்டுபோய் அடக்கம் செய்வம். நாளைக்கு வாறன்."

எத்தனையோ படுக்கைப் புண்களை முகம் சுளிக்காமல் கழுவிய கிருஷ்ணகுமாரி, அந்த விதைகளைக் கொட்ட இரட்டைக் கையுறை போட்டாள்.

"உவனுக்கு அம்மை வந்து கிடக்கேக்கை மூண்டு கிழமை மடியிலை வைச்சிருந்தது நான்," என்றாள் எலியானா. "சமையற்காரியாச் சாகமாட்டன், குமாரி. எங்கள் எல்லாற்றை பேரும் ஒரு தாளிலை இருக்கவேணும். அதை அந்த வீட்டு ஆள் ஒருத்தராவது ஒத்துக்கொள்ளவேணும்."

மத்தியான இடைவேளையில் கிழவி சொல்லச் சொல்ல, கிருஷ்ணகுமாரி நோர்வேஜிய மொழியிலேயே எழுதினாள். மனைவியர் கலியாண வரிசையில், பிள்ளைகள் பிறந்த வரிசையில். உடன் வேலை செய்யும் ஷரோன் எட்டிப் பார்த்தாள்.

"அக்கா, மனுசி இன்னும் சாகேல்லை. அதுக்குள்ளை அறிவித்தலோ?"

"செத்தாப்பிறகு எழுதினா ஆர் பிழை திருத்துறது?"

"அந்தத் திராட்சைப்பழக்காரனையும் போட்டிட்டியளே."

"உவனும் பிறந்துதானே துலைச்சவன்."

அடியில், வழக்கம்போல, 'தகவல்: மகன்' என்று எழுதி, அறிவித்தலைக் கொடுப்பவரின் கையெழுத்துக்கு இடம் விட்டாள்.

மறுநாள் அதே சப்பாத்து. பட்டியலை வாங்கிப் படித்தவனின் முகம் கறுத்தது. கிழித்துப்போடப் போகிறான் என்று கிருஷ்ணகுமாரி காத்திருந்தாள். நான்கு மனைவியரைப் பற்றி அவனிடம் ஒரு சொல் இல்லை. இருபத்து மூன்றைப் பற்றியும் இல்லை.

"என்னை ஏன் பதினோராவதாப் போட்டிருக்கிறியள்?"

இதே முகத்தை அவள் முந்நூறு செத்தவீடுகளில் பார்த்திருக்கிறாள். அருவருப்பை விழுங்கிக்கொண்டு, தேன் சொட்டச் சொன்னாள்:

"பிறந்த வரிசையை மாத்தேலாது, ஐயா. ஆனால் எங்கடை ஆக்களிட்டை அதைவிடப் பெரிய இடம் ஒண்டு இருக்கு. அடியிலை, தனியா. குடும்பத்துக்கு ஆர் பெரியவரோ அவர்தான் அதிலை கையெழுத்து வைக்கிறது. உங்களுக்கு வசதியில்லையெண்டால் எலியானாம்மாவின்ரை மகன் தோமஸிட்டைக் கேக்கிறன். வெஸ்ட்லிக்கு மெற்றோ ரயில் ஓட்டுறவர், பின்னேரம் வருவார்."

மெற்றோ ஓட்டுகிறவனா? தங்கப் பேனை வெளியே வந்தது. பட்டங்களெல்லாம் சேர்த்து மூன்று வரியில் கையெழுத்துப் போட்டான். அந்தக் கையோடே தன் தாளைக் கிழவியிடம் நீட்டினான்.

எலியானா அதைத் தொடவில்லை. அவன் கையெழுத்து வைத்த பட்டியலை எடுத்து நிதானமாக வாசித்தாள்: "'இரண்டாவது மனைவி, எலியானா. தகவல்: மகன்.' இதைச் சொன்னது நீதானே, மோனை."

அவன் பறிக்கக் கையை நீட்டினான்.

"கொண்டுபோங்கோ," என்றாள் வாசலில் கைபேசியோடு நின்ற ஷரோன். "கையெழுத்தோடை எடுத்த படம் தோமஸுக்குப் போயிட்டுது."

அவன் போனபின் கிருஷ்ணகுமாரி தரையில் இருந்த சப்பாத்து அடையாளங்களைத் துடைத்தாள். அந்தத் துணியை அவள் தோய்க்கவில்லை. இரண்டு விரலால் தூக்கிக் குப்பைக்குள் போட்டாள்.